பெரட்டுக்களத்தில் நன்றாக ஓடிய வண்டி

வாங்கும் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். விலை விசாரிப்பது, மாதிரி பார்ப்பது, லொறிக்குச் சொல்லி வைப்பது எல்லாம் கொஞ்ச நாளில் உங்களுக்கே கைவந்துவிடும். அதற்கு ஓய்வுபெற்ற நான் வேண்டாம். நான் சொல்லக்கூடியது ஒரேயொரு அச்சைப் பற்றி. சின்னப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து காலால் உந்தி ஓட்டுகிற பிளாஸ்டிக் வண்டி இருக்கிறதல்லவா, அதற்கான அச்சு. அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள் நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவள் அல்ல. வாளிகளை அடுக்கிக் கட்டுகிற மேசையில்தான் தொடங்கினேன். சாமான் எடுக்க வரும் கடைக்காரர்கள் நின்ற இடத்தில் முணுமுணுப்பார்கள். அதைக் காதில் வாங்கி வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். கந்தப்பளையில் கடை வைத்திருந்த ஒருவர், "ஒங்க பேசின்ல தண்ணி ஊத்தித் தூக்குனா, அது வயித்தப் புடிச்சிக்கிட்டு நெளியுதுங்க" என்றார். பேசினின் அடி மெல்லியதாகிவிட்டது என்பதை அதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. அந்தப் பேச்சை அப்படியே கொண்டுபோய் முதலாளியிடம் சொன்னேன். இப்படிச் சொல்லிச் சொல்லியே மேசையிலிருந்து எழுந்து வாங்கும் பகுதிக்கு வந்து சேர்ந்தேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஆட்கள் பேசுவதைக் கவனியுங்கள். வாங்க வேண்டிய சாமானின் பாதி விவரம் அதில் இருக்கும். மீதிப் பாதி எங்கே இருக்கும் என்பதற்குத்தான் இந்தக் கதை.

முதலாளிக்கு ஹட்டன் டவுனில் அவருடைய வாப்பா காலத்துப் பாத்திரக் கடை. தொழிற்சாலையைக் கினிகத்தேனைக்கு இறங்குகிற பாதையில் போட்டிருந்தார். வாளி, பேசின், கொழுந்துக் கூடை, மரக்கறிப் பெட்டி. கரண்ட் நின்றுபோகும் நாட்களில் இயந்திரத்தில் நிற்கிற பிள்ளைகள், "பொல்பிட்டியவுல எடுக்குற கரண்ட் நம்ம தலைக்கு மேலதான் போவுது, குனிஞ்சி ஒரு தடவ பாத்துட்டுப் போனா என்னவாம்" என்று கம்பியைப் பார்த்துக் கேட்பார்கள்.

அச்சு என்பது என்ன என்று தெரியாமல் வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பெரிய இரும்புக் கட்டைகள். நடுவே செய்யப்போகிற பொருளின் வடிவத்தில் ஒரு வெற்றிடம். உருகிய பிளாஸ்டிக் அதற்குள் பாய்ந்து, குளிர்ந்து, கட்டைகள் பிரியும்போது பொருள் வெளியே விழும். ஒரு வடிவத்துக்கு ஓர் அச்சு. இரும்பை வெட்டிய பிறகு மனம் மாற இடமில்லை. முதலாளி இதைத் தன் பாணியில் சொல்வார்: "வாளி வாங்குறது கடைக்குப் போறது மாதிரி புள்ள. அச்சு வாங்குறது சம்பந்தம் பேசுறது. புடிக்கல்லண்டு திருப்பி அனுப்ப ஏலாது."

வெளிநாட்டுச் சாமான்கள் நாட்டுக்குள் வராமல் நின்றுபோன காலம் அது. கடைகளில் விளையாட்டுச் சாமான் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. முதலாளிக்கு அந்த வெறுமை ஓர் அழைப்பாகத் தெரிந்தது. பிள்ளை வண்டியை நாமே செய்வோம் என்றார். அதே நேரத்தில் சில தோட்டங்களை நடத்துகிற கம்பனி ஒன்று, தன் பிள்ளைக் காம்பராக்களுக்குத் தீபாவளிக்கு வண்டிகள் கொடுக்க விரும்பியது. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம்தான் பிள்ளைக் காம்பரா. முதலாளி மகிழ்ந்துபோய் வாக்குக் கொடுத்துவிட்டார். அச்சு இன்னும் காகிதத்தில்கூட இல்லை.

அச்சு செய்யக் கம்பஹாப் பக்கம் ஒருவரைக் கண்டுபிடித்தேன். சுனில் பாஸ். கைவேலை தெரிந்தவர்களை மரியாதையாகப் பாஸ் என்பார்கள். சிங்களவர், சின்ன வேலைத்தலம், கவனமான ஆள். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன். அவருடைய வேலைத்தலத்தில் நான் முதலில் கவனித்தது, மேசையில் வைத்த பேனா வைத்த இடத்திலேயே கிடந்ததை. அந்த ஊர் அவ்வளவு தட்டை. கவனித்தேனே தவிர, அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இரும்பை வெட்டுவதற்கு முன்பு பலகையில் ஒரு வண்டி செய்து பார்த்தோம். அதே உயரம், அதே அகலம், சக்கரங்களும் பொருத்தியது. அதை ஓட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். தொழிற்சாலை முற்றம் முழுக்க லொறி. பக்கத்துத் தோட்டத்துப் பெரட்டுக்களத்துக்குக் கொண்டுபோனோம். காலையில் ஆட்கள் கூடி, பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று வேலை பிரிக்கிற இடம் அது. தோட்டத்தில் எது நடந்தாலும் அங்கேதான் நடக்கும். கிரிக்கெட், கூட்டம், கல்யாணப் பந்தல், திருவிழாவுக்குக் கடலைக் கடை. காரணம் ஒன்றுதான். அந்த இடம் தட்டையாக இருக்கும். ஒரு பொருளை வைத்துச் சோதிப்பதென்றால் எங்கள் கால் தன்னாலே பெரட்டுக்களத்துக்குப் போகும்.

எங்கள் ஆட்களின் பிள்ளைகள் ஏறினார்கள், ஓட்டினார்கள், இறங்க மாட்டேன் என்று அழுதார்கள். எல்லாருக்கும் திருப்தி. அந்த அளவுகளில் வரைந்த படத்தை எல்லாரும் ஒப்புக்கொண்டோம். சுனில் பாஸ் இரும்பை வெட்டினார்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தபோது அச்சு லொறியில் ஏறி வந்தது. சுனில் பாஸும் கூடவே வந்தார். மலைக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. அச்சை எங்கள் இயந்திரத்தில் ஏற்றி முதல் வண்டிகளை எடுத்தோம். சிவப்பு நிறம். விளிம்பில் ஒரு பிசிறு கிடையாது. முதலாளி கடையிலிருந்து தொலைபேசியில் அழைத்து, படம் அனுப்பச் சொல்லி, பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், மாதுளம்பழம் மாதிரி ஈக்குது" என்றார். மறுபடியும் பெரட்டுக்களம். மறுபடியும் திருப்தி. ஏற்றுக்கொண்டோம் என்ற தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதைப் போட்டுவிட்டால் சுனில் பாஸ் அன்றைக்கே இறங்கிவிடலாம். அடுத்த வேலை கொடுத்தவர் அவருடைய வாசலில் வந்து நிற்கிறார் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்தான் கேட்டார். "மிஸ், இதுல ஏறி ஓட்டப்போற புள்ளைங்க எங்க இருக்காங்க? ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். வேலைத்தலத்துல இருக்கிறவங்களுக்குக் காட்டணும்."

பிள்ளைக் காம்பரா, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பக்கத்தில் கீழே இருந்தது. தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியாக இறங்கினோம். நான் வண்டியைத் தூக்கிக்கொண்டேன். சுனில் பாஸ் பளபளப்பான சப்பாத்துப் போட்டிருந்தார். நாலடி வைத்ததும் அவருடைய நடை ஓட்டமாக மாறியது. ஓட வேண்டும் என்று அவர் ஓடவில்லை. கால் ஓடியது, அவர் கூடவே போனார். கடைசியில் ஒரு தேயிலைச் செடியைக் கட்டிப்பிடித்து நின்றார்.

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: "அக்கா, ஒங்க மாத்தயா கொழுந்த விட்டுட்டு செடியவே பறிக்கிறாரு. கங்காணிகிட்ட சொல்லி பேர் போட்டுறவா?"

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். செடியை விடாமலே சிரித்தார். பிறகு கேட்டார்: "நீங்க எல்லாம் எப்புடி ஓடாம எறங்குறீங்க?"

"எப்புடின்னா? நடக்கிறோம், அவ்வளவுதான்" என்றேன்.

பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஸ்டெல்லா அக்கா. வாயால் அதட்டி, கையால் அணைப்பவர். வண்டியைப் பார்த்ததும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். நான் வண்டியைக் கீழே வைத்தேன். சுனில் பாஸ் படம் எடுக்கப் போனைத் தூக்கினார். வண்டி மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரும் தொடாமல், வாசல் ஓரத்தில் மழைத்தண்ணீர் போகிற கல்லுக் கானை நோக்கி நகர்ந்தது. அவர் போய்ப் பிடித்துக் கொண்டுவந்து வைத்தார். மறுபடியும் நகர்ந்தது.

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். "மிஸ், இந்த எடம் சரிவு."

"இல்லையே" என்றேன். "இது வாசல்."

நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அது சரிவாகத் தெரியவில்லை. ஸ்டெல்லா அக்காவுக்கும் தெரியவில்லை. சரிவு என்றால் எங்களுக்கு மலை. கையூன்றி ஏறுகிற இடம். வீட்டு முன்னால் இருப்பது வாசல். மழைத்தண்ணீர் வாசலில் நிற்காமல் கானுக்கு ஓடுகிறது என்றால் அது நல்ல வாசல். அப்படி ஓட வேண்டுமென்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து சாய்ந்த தரையில் நிற்பவர்கள் சோதனைக்கு மட்டும் தேடிப்போய்த் தட்டையான இடத்தில் நின்றோம். கம்பஹாவில் இருந்து வந்தவருக்கு அது பார்த்தவுடன் தெரிந்தது.

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் திவ்யா ஏறிவிட்டாள். மூன்று வயது. மற்றவர்களை முழங்கையால் ஒதுக்கிவிட்டு ஏறி, ஓர் உந்து உந்தினாள். பெரட்டுக்களத்தில் பிள்ளை உந்த உந்தத்தான் வண்டி போனது. இங்கே அதற்கு ஓர் உந்துதல் போதும். அவள் காலைத் தரையில் வைக்கப் பார்த்தாள். இருக்கை அவளுக்குக் கொஞ்சம் உயரம். கால் நுனி தட்டித் தட்டிப் போனது. கானுக்கு ஒரு முழம் இருக்கும்போது ஸ்டெல்லா அக்கா கவுனைப் பிடித்துத் தூக்கினார். பிள்ளை மேலே, வண்டி கானுக்குள்.

ஒருவருக்கும் அடி இல்லை. திவ்யா மறுபடியும் ஏற வேண்டும் என்று அழுதாள். ஸ்டெல்லா அக்கா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வண்டி நல்லாத்தான் இருக்கு ரோசி" என்றார் என்னிடம். "வண்டியோட புடிச்சி நிறுத்த ஒரு ஆளையும் சேத்துக் குடுப்பீங்களா? எனக்கு ரெண்டு கைதான்."

சுனில் பாஸ் கானில் இருந்து வண்டியை எடுத்துத் துடைத்தார். கீறல்கூட இல்லை, நல்ல அச்சு. பிறகு நேராகப் பேசினார்.

"படத்துல உள்ளபடிதான் செஞ்சேன், மிஸ்."

"ஆமா. அதுல ஒரு குறையும் இல்ல."

"நீங்க கையெழுத்துப் போட்டா நான் போயிருவேன். போடாட்டி நான் சண்ட புடிக்கலாம். எம்பக்கம் நியாயம் இருக்கு."

"இருக்கு. ஒரு பிளேன்டீ குடிப்போம்" என்றேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டால் மனசு உடனே, யாருடைய பிழை என்று தேடப் போகும். போக விடாதீர்கள். அந்தத் தேடலுக்கு நேரம் பிறகு இருக்கும். செய்தவரோடு சண்டை தொடங்கிவிட்டால், அந்த அச்சைத் திருத்தத் தெரிந்த ஒரே ஆளை நீங்கள் இழந்துவிடுவீர்கள்.

ஸ்டெல்லா அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும்போது முதலாளி அழைத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"என்னா புள்ள செல்றீங்க? பெரட்டுக்களத்துல நல்லாத்தானே ஓடிச்சி?"

"பெரட்டுக்களத்துல புள்ளைங்க இல்லைங்க முதலாளி. புள்ளைங்க லயத்துல இருக்காங்க."

முதலாளி உடனே ஒரு வழி சொன்னார்: "ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். சமதரையில மட்டும் ஓட்டவும் எண்டு."

"டயகம மாதிரி மலைத் தோட்டத்துல சமதரை எங்க இருக்குன்னு சொல்லுங்க, ஒட்டிருவோம்."

"நுவரெலியால ரேஸ் கோர்ஸ் ஈக்குதே."

"அப்ப குதிரைக்குத்தான் விக்கணும்."

அவர் சிரித்தார். ஆனால் விடவில்லை. சிரித்துக்கொண்டே அழுத்துவதில் கெட்டிக்காரர். "தீபாவளிக்குத் தாறேண்டு வாக்குக் குடுத்துட்டேன். என்ட வாப்பா காலத்துல இருந்து இந்தத் தோட்டங்கள்ல நம்ம வாய்ச்சொல்லு பிழைச்சதில்ல. அச்சு படத்துல உள்ளபடி சரி எண்டு நீங்களே செல்றீங்க. அப்ப கையெழுத்தப் போடுங்க. மத்ததப் பொறகு பாப்போம்."

"கான்ல விழுந்த புள்ளையோட அம்மாகிட்ட, தீபாவளிக்குச் சொன்னபடி குடுத்துட்டோம்னு சொல்ல முடியாதுங்க."

இதற்கு அவர் கோபப்பட்டிருக்கலாம். பெருமூச்சு மட்டும் கேட்டது. "வேற வழி ஈந்தா செல்லுங்க. கையில உள்ள தேத்தண்ணியக் குடிச்சி முடிங்க, நான் திருப்பி கோல் எடுக்கிறேன். வழி இல்லாட்டி கையெழுத்துத்தான்."

ஸ்டெல்லா அக்கா பிளேன்டீயைப் பெரிய கோப்பையில் ஊற்றியிருந்தார். அதற்கு இன்றைக்கும் நன்றி.

நான் சுனில் பாஸிடம் கேட்டேன்: "இருக்கையத் தாழ்த்த முடியுமா? கால் தரையில பட்டா நிறுத்திக்குவாங்க."

அவர் தலையசைத்தார். "இருக்கை தாழணும்னா அச்சுல அந்த எடத்துல இரும்பு கூடணும். வெட்டி எடுத்த இரும்ப நான் எங்க போய்த் தேடுவேன்? வெல்டிங்ல பத்த வைக்கலாம். வச்சா தடம் தெரியும், கொஞ்ச நாள்ல அதே எடத்துல வெடிக்கும். இரும்புல எடுக்கிறது ஒரு நாள் வேலை, சேக்கிறது ஒவ்வொரு நாளும் வேலை."

அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். "அப்ப எடுக்கிற மாதிரி என்ன செய்யலாம்?"

அச்சில் இரும்பை எடுத்தால், அந்த இடத்தில் வண்டிக்குப் பிளாஸ்டிக் கூடும். அதாவது வண்டியில் எதையும் குறைக்க முடியாது, எதையாவது கூட்ட முடியும். எந்தத் திருத்தம் சிறந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தால் நான் அந்தக் கோப்பையை மூன்று தடவை குடித்து முடித்திருப்பேன். இந்த இரும்பு இன்னும் எதைக் கொடுக்கும் என்று கேட்டபோது கேள்வி சின்னதாகிவிட்டது. பிழையாகப் போன எந்தச் சாமானுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் எதைக் கூட்டுவது? எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "பிரேக்" என்றார் அவர். மூன்று வயதுப் பிள்ளைக்கு பிரேக் பிடிக்க யார் சொல்லிக் கொடுப்பது என்று அவரே விட்டுவிட்டார்.

திவ்யாவின் அழுகை அதற்குள் ஊருக்கே கேட்கத் தொடங்கியிருந்தது. ஸ்டெல்லா அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு துவாயை வண்டியின் பின்பக்கம் கட்டி, நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, "ஓட்டு, ஒனக்கும் வண்டிக்கும் சேத்துக் கயிறு போட்டாச்சி" என்று அவளை ஏற்றினார். கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு போவது போல அவர் பின்னாலேயே போனார். வண்டி வேகம் எடுத்தபோதெல்லாம் திவ்யா ஒரே வேலையைச் செய்தாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, முதுகைப் பின்னால் தள்ளிச் சாய்ந்தாள். சாயும்போது முன்சக்கரம் ஒரு விரல் அளவு எழும்பியது. பின்பக்கம் தரையைத் தொடுவது போலத் தாழ்ந்து, தொடாமல் போனது.

சுனில் பாஸ் கோப்பையைப் படியில் வைத்தார். நல்ல சட்டையோடு அந்த ஈர வாசலில் குப்புறப் படுத்து வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். பிள்ளைகளுக்கு வண்டியைவிட அது பெரிய வேடிக்கை. ஒருவன் போய் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்தான்.

"மறுபடி விடச் சொல்லுங்க" என்றார் படுத்தபடியே.

ஸ்டெல்லா அக்கா விட்டார். திவ்யா சாய்ந்தாள்.

"மிஸ், அந்தப் புள்ள ஏன் சாயிது?"

"பயந்தா சாயும்" என்றார் ஸ்டெல்லா அக்கா, நான் மொழிபெயர்த்ததும். "எறக்கத்துல எல்லாரும் சாஞ்சிதானே எறங்குவோம்?"

சுனில் பாஸ் எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல், நாங்கள் இறங்கி வந்த குறுக்கு வழியைப் பார்த்தார். கொழுந்துச் சாக்கோடு இரண்டு பெண்கள் அதில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இடுப்புக்கு மேலே பின்னால் சாய்ந்து, குதிகாலை ஊன்றி, அவசரமில்லாமல்.

"நான் வண்டி மாதிரி ஓடினேன்" என்றார். "அந்தப் புள்ள ஒங்க மாதிரி எறங்குது. வண்டிக்குத்தான் குதிகால் இல்ல."

அவர் சொன்னது இதுதான்: பின்பக்கம் அடியில் ஒரு வால். வண்டி நேராக நிற்கும்போது தரையைத் தொடாது. பிள்ளை சாய்ந்தால் வால் தரையில் உரசும், வண்டி நிற்கும். அண்ணன்காரன் பின்னால் ஏறி நின்றாலும் வண்டி மல்லாக்க விழாமல் வால் தாங்கும். யாரும் எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் செய்தால் போதும். முக்கியமான விஷயம், வால் என்பது கூட்டுவது. இரும்பில் அது எடுப்பது. பின்பக்கம் அதற்கு வேண்டிய இரும்பு இருக்கிறது என்று கையால் அளந்து காட்டினார்.

என் கோப்பையில் மண்டி மட்டும் மிச்சம் இருந்தபோது முதலாளி அழைத்தார். வாலைப் பற்றிச் சொன்னேன். அச்சு மறுபடியும் கம்பஹாவுக்கு இறங்கிப்போய் வர வேண்டும் என்றேன். தீபாவளிக்கு வராது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கெட்ட செய்தியைக் கடைசிக்கு வைத்துப் பாதியாக விழுங்கிச் சொல்கிறவர்கள் இந்த வேலைக்கு ஆகாது. முதல் மூச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.

"கையெழுத்து?"

"இன்னைக்குப் போட மாட்டேங்க."

அவருடைய கடையில் யாரோ சட்டி தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"அந்த பாஸ் பக்கத்துல ஈக்கிறாரா? போனக் குடுங்க."

சிங்களத்தில் பேசினார்கள். முதலாளி என்ன கேட்டார் என்பது சுனில் பாஸின் பதில்களில் தெரிந்தது. செய்து தருவேன் என்றார். பிழை என்னுடையது என்று யாரும் பிறகு சொல்லக்கூடாது, படம் மாறியது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். அதற்கு முதலாளி ஏதோ சொல்ல, இவர் முகம் தளர்ந்தது. போனைத் திருப்பித் தரும்போது, "சரிவு நம்ம ஊர்ல ஈக்குது, அவருக்கு என்னத்துக்குப் பழி" என்று முதலாளி சொன்னதாகச் சொன்னார்.

என்னிடம் முதலாளி ஒரே வார்த்தைதான் பேசினார். "தோட்டத்துக்கு நானே போய்ச் செல்றேன்."

போனார். தீபாவளிக்குப் பிள்ளைக் காம்பராக்களுக்கு இனிப்புப் பெட்டிகள் மட்டும் போயின. கம்பனியில் யாரோ அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசியிருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. சில வாரங்கள் தேவைக்கு மேல் என்னோடு பேசவும் இல்லை. சரியான முடிவு எடுத்தால் எல்லாரும் தட்டிக்கொடுப்பார்கள் என்று எண்ணி இந்த வேலைக்கு வந்திருந்தால், அந்த எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். ஸ்டெல்லா அக்காவிடம், சொன்ன நேரத்துக்கு வண்டி வரவில்லை என்று வருத்தம் சொன்னேன். "வராத வண்டியில யாரும் விழல" என்றார் அவர்.

அச்சு மழைக்குள்ளே லொறியில் இறங்கிப்போய், வாலோடு திரும்பி வந்தது, சுனில் பாஸும் கூடவே வந்தார். முதல் வண்டியை எடுத்ததும் எங்கள் ஆட்களில் ஒருவர் பழக்கத்தில் அதைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்களத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினார். சுனில் பாஸ்தான் கூப்பிட்டு நிறுத்தினார்.

முதலாளியும் வந்தார். லயத்து வாசலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அது சாய்ந்து நின்றதை அன்றைக்குத்தான் அவரும் கவனித்தார். உட்காராமல் நின்றுகொண்டார். திவ்யாவைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, முழங்கையோடு முன்னால் வந்து நின்றாள். கானுக்கு இந்தப் பக்கம் ஸ்டெல்லா அக்காவும் நானும் குனிந்து கையை விரித்து நின்றோம். துவாய் கட்டவில்லை.

உந்தினாள். வண்டி வேகம் எடுத்தது. அவள் முகம் மாறியது. சாய்ந்தாள். பின்னால் வால் தரையில் கரகரவென்று இழுபட்டது. எங்கள் கைகளுக்கு எட்டாத தூரத்திலேயே வண்டி நின்றது. அவள் குனிந்து பார்த்தாள், யாராவது பிடித்துவிட்டார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. இறங்கி, வண்டியின் கைப்பிடியைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போய், இன்னொரு தடவை ஏறினாள். அன்று அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

"நல்லதுதான்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "உள்ள பால் காய்ச்சிக்கிட்டு இருந்தாலும் எது எங்க போவுதுன்னு காதுல விழும்."

முதலாளி என் பக்கம் பார்க்காமல், "அந்தத் தாள் எங்க புள்ள?" என்றார்.

எழுத மேசை இல்லை. இன்னொரு வண்டியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் இப்போதும் அலுமாரியில் இருக்கும். அதற்குப் பிறகு முதலாளி எந்தச் சாமானுக்கும், அது எங்கே பாவிக்கப்படுமோ அங்கே கொண்டுபோய்ப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளவில்லை. வாளி கிணற்றடிக்குப் போனது, மரக்கறிப் பெட்டி லொறியில் ஏறியது. கடைக்கு வருகிறவர்களிடம் வண்டியைக் காட்டி, "குதிகால் உள்ள வண்டி, நம்ம ஐடியா" என்று சொல்லவும் தொடங்கிவிட்டார். சுனில் பாஸ் அதைக் கேட்டபோது மறுக்கவில்லை.

கையெழுத்துப் போட்ட அன்று மாலை சுனில் பாஸ் பஸ் எடுக்கப் பாதைக்குப் போக வேண்டியிருந்தது. கீழே இன்னொரு குறுக்கு வழி, முதல் தடவை இறங்கிய வழியைவிடச் செங்குத்து. மழையில் வழுக்கலாக இருந்தது. பாதை சுற்றிப் போகலாம் என்றேன். வேண்டாம் என்றார். அதே பளபளப்பான சப்பாத்துதான். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்புக்கு மேலே பின்னால் சாய்ந்து, குதிகாலை ஊன்றி, ஒரு செடியையும் பிடிக்காமல் நடந்து இறங்கினார்.